செயலாளர் ஆண்டறிக்கை: பதிவேட்டில் ஒரு கட்டம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் 12-இல் 9 நடந்தன. மற்ற மூன்றும் நடக்காததற்கு நான்தான் காரணம், அறைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அப்புறம் வாசிப்பார். இந்த அறிக்கையில் பெரும்பகுதி ஆலோசனைப் பதிவேட்டைப் பற்றியது.

கணவனின் வன்முறையால் உதவி கேட்டு வருகிற பெண்களிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கணவன், மனைவி வயதைக் கேட்டு எழுதுவது நம் வழக்கம். இந்த வருடம் வந்த ஒருவருக்கும் அவர் கணவருக்கும் 17 வயது வித்தியாசம். எழுதிக்கொண்டிருந்த நம் உறுப்பினர், வன்முறைக்குக் காரணம் கிடைத்துவிட்ட மாதிரி அந்த எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டார். வந்தவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வயசை விடுங்கக்கா, என் ஏடிஎம் கார்டு அவர்கிட்ட இருக்கு. அதை எழுதுங்க" என்றார். எழுதக் கட்டம் இல்லை.

இன்னொருவருக்கு 2 வயதுதான் வித்தியாசம். 'சாதாரணச் சண்டை' என்று எழுதி மூடிவிட்டோம். அது என் கையெழுத்து. மறுபடி அவர் வந்தபோது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அதன்பின் இரண்டு கூட்டங்கள் இதற்கே போயின. வயது வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கனடாவில் மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் இருவரும் மனைவி கொலைகளை ஆராய்ந்தபோது, வயது இடைவெளி பெரிதாக உள்ள தம்பதிகளிடம் ஆபத்து கூடியிருப்பதைக் கண்டார்கள். அடி உதை பற்றிய ஆய்வுகளில் முடிவு இடத்துக்கு இடம் மாறுகிறது. மணமகளின் வயது இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 34 நாடுகளின் தரவை வைத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வில், முந்தைய ஓராண்டில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்கு முன் மணமானவர்களில் 29 சதவீதம். பிறகு மணமானவர்களில் 20. சின்ன வயதில் கட்டிக்கொடுத்தால் படிப்பு நிற்கிறது, கையில் வருமானம் இல்லை, வெளியே போனால் தங்க இடமும் இல்லை. எதிரே இருப்பவருக்கோ இதெல்லாம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, துணையோடு வாழ்ந்த 15–49 வயதுப் பெண்களில் சுமார் 27 சதவீதம் பேர் அந்தத் துணையிடமே வன்முறையை அனுபவித்தவர்கள். "அத்தனை வீட்டிலுமா கிழவர்கள்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். சிரித்தோம், ஆனால் சரியான கேள்வி.

படிவத்தை மாற்றியிருக்கிறோம். வயது இருக்கும், கடைசி வரியில். முதலில் பணம் யார் கையில், ஃபோனை யார் பார்க்கிறார், எப்போதாவது கழுத்தை நெரித்தாரா, பிரிந்து போகப்போவதாகச் சொல்லியாயிற்றா என்று கேட்கிறோம். கழுத்தை நெரிப்பது பின்னால் கொலையில் முடியக்கூடிய அறிகுறி. பிரியும் நேரமும் ஆபத்தான நேரம். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று அவரே சொல்லாமல் யாரும் அவர் எண்ணுக்கு அழைக்க வேண்டாம்.

பழைய படிவம் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது. பின்பக்கம் வெற்றுத்தாள்தான்; கூட்டக் குறிப்பு எழுத எடுத்துக்கொள்ளலாம்.