கம்பி கழற்ற வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மஸ்கெலியா

தோட்டத்து அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும், பக்கத்துக் கிராமத்து உறவுகளுக்கும், கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்குப் பேர் பதியக் கூடும் இடம்) நாலு வரி எழுதி ஒட்டிவிடலாம் என்றுதான் முதலில் பேசிக்கொண்டோம். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணத் தொடங்கியதும் அது நாலு வரியில் அடங்கவில்லை. அதோடு பாதிப் பேர், "என் பேரப் போட்டுறாத தம்பி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சிலருக்குக் கூச்சம், சிலருக்குப் பயம், ஒருவருக்கு வீட்டுக்காரி திட்டுவாள் என்ற கவலை. அதனால் பெயர் போடாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்சபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மயக்க ஊசி போட்டு மீட்டார்கள், உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். 29ஆம் திகதி செத்துப்போனது. கறுப்பு நிறத்தில் ஒரு சிறுத்தை இந்த மலையில் இருந்ததே பலருக்கு அப்போதுதான் தெரியும். தெரிந்த கையோடு அது போயும் விட்டது. அந்த வாரம் பேஸ்புக்கில் தோட்டத்து மக்களை எப்படியெல்லாம் திட்டினார்கள் என்பதை நான் கடையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொமியூனிகேஷன் கடை. போட்டோக் கொப்பி, ரீலோட், போன் திருத்துவது என்று நாள் முழுக்க ஊர்க் கதை காதில் விழும். திட்டியவர்களில் ஒருவருக்காவது பன்றி உழுதுபோட்ட கிழங்குப் பாத்தி எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். அங்கிருந்துதான் தோட்டத்தில் கம்பி தேடிக் கழற்றும் எங்கள் வேலை தொடங்கியது.

கம்பி என்றால் பெரிய பொறி ஒன்றும் இல்லை. பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிள், கிளட்ச் கேபிள். ஒரு முனையில் சுருக்குப் போட்டு, மறு முனையைத் தேயிலைத் தூரிலோ முளைக்குச்சியிலோ இறுக்கிக் கட்டி, பன்றி வரும் தடத்தில் முழங்கால் உயரத்தில் விட்டால் வேலை முடிந்தது. புலியும் அந்தத் தடத்தில்தான் நடக்கிறது. (சிறுத்தையைத்தான் சொல்கிறேன், இங்கே நாங்கள் எல்லாரும் புலி என்றுதான் சொல்வோம்.) நிரைகளுக்கு நடுவே உள்ள சந்து, கான் (வடிகால்) ஓரம், காட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை எல்லாம் நமக்கு எவ்வளவு லேசான வழியோ மிருகத்துக்கும் அவ்வளவு லேசு. தலை நுழைந்து முன்கால் நுழைந்துவிட்டால் சுருக்கு இடுப்பில் போய் இறுகும். துள்ளத் துள்ள அறுக்கும். வெளியே சின்னக் காயமாகத்தான் தெரியும், உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும். கம்பியிலிருந்து விடுவித்த பிறகும் பல புலிகள் பிழைக்காமல் போவது இதனால்தான்.

முதல் நன்றி, கம்பி வைத்தவர்களுக்கு.

வாசித்துவிட்டு முகம் சுளிக்க வேண்டாம். அவர்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னமும் தேயிலைக்குள் குருட்டாம்போக்கில் அலைந்துகொண்டிருப்போம். ஒரு நாள் இரவு கடை பூட்டும் நேரத்தில் ஒரு அண்ணன் வந்தார். அடையாள அட்டைக்குக் கொப்பி அடிக்கச் சொன்னார். மற்றவர்கள் போகும்வரை சும்மா நின்றார். பிறகு மேசையில் கிடந்த பழுதான கொப்பித் தாள் ஒன்றைத் திருப்பி, பேனை கேட்டு வாங்கி, ஸ்டோர், கோவில், வாய்க்கால் என்று கோடு கோடாக இழுத்து, அங்கங்கே புள்ளடி போட்டார். "வட்டிக்கு வாங்கி வெதக் கெழங்கு போட்டேன் தம்பி. ஒரே ராத்திரியில உழுதுபோட்டுட்டுப் போயிருச்சு. நான் என்னா செய்யிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. புள்ளடி போட்ட இடங்களில் அவருடையது மட்டும் இல்லை, தெரிந்தவர்களுடையதும் இருந்தது. மறு வாரம் அந்தத் தெரிந்தவர்களில் சிலர் தாங்களே குறட்டோடு வந்து நின்றார்கள். காட்டிக்கொடுத்தான் என்ற பேர் லயத்தில் (எங்கள் தொடர் வீடுகளில்) எத்தனை வருசத்துக்கு நிற்கும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அதையும் மீறி வந்தார்கள்.

சரி, கம்பியைக் கழற்றியாயிற்று. பன்றிக்கு என்ன வழி? இந்தக் கேள்விக்கு விடை தராமல் யாரும் காடு காக்கிறேன் என்று மலைக்கு வரக் கூடாது என்பது என் கட்சி. எங்களுக்கு விடை தந்தது பழைய தகரம். காற்றில் கழன்ற கூரைத் தகரங்கள் ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தன. கேட்டுப் பார்ப்போம் என்று பயந்து பயந்து பங்களாவுக்குப் போனோம். பெரிய துரை (தோட்ட முகாமையாளர்) ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "லொறி தர முடியாது, தகரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அது போதும் சார், ரொம்ப நன்றி. தோளில் சுமந்தே கொண்டுவந்தோம். காட்டோரப் பாத்திகளின் ஓரத்தில், தகரத்தின் அடியை மண்ணுக்குள் புதைத்து அடைப்புப் போட்டோம். தகரம் போதாத இடத்தில் கயிறு கட்டி, மீன் டின்களைக் கோத்துத் தொங்கவிட்டோம். பன்றி அடியோடு வராமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பி வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களுக்கு ஒரு முகம் கிடைத்தது. பன்றியைத் தின்பதே புலிதான், புலியைக் கொன்றால் பன்றி பெருகும் என்ற நியாயத்தையும் அதற்குப் பிறகுதான் ஆட்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அடுத்தது கொழுந்து எடுக்கும் அக்காமார். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கே கையில் காசு. அதை விட்டுவிட்டுக் கம்பி தேட வந்தீர்கள். நிரை நிரையாக நடந்து பழகிய கண் உங்களுடையது. நாங்கள் இரண்டு தடவை போய் ஒன்றும் இல்லை என்று திரும்பிய இடத்தில் நீங்கள், "இந்தா இருக்கு" என்று குனிந்து எடுத்தீர்கள்.

பிறகு ஒரு நாள் எங்கள் மலையிலேயே ஒரு பெண்புலி கம்பியில் மாட்டியது. அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். காலைக் கொழுந்துக்கு மலை ஏறியவர்களுக்குத்தான் உறுமல் முதலில் கேட்டது. கவ்வாத்து வெட்டிக் கனநாளான மலை, செடி இடுப்புக்கு மேல் நிற்கிறது. கானுக்குள் வாலும் முதுகும் மட்டும் தெரிந்தன. கங்காணி ஐயா எல்லாரையும் பின்வாங்கச் சொல்லிவிட்டு 1992க்கு அழைத்தார். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் அது, போனில் பதிந்து வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். நல்லதண்ணி அலுவலகத்திலிருந்து உத்தியோகத்தர்கள் வந்துவிட்டார்கள். மயக்க ஊசி போட மிருக வைத்தியர் ரந்தெனிகலவிலிருந்து வர வேண்டும். அந்த வளைவுப் பாதையில் எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குள் சேதி பரவி, ரோட்டில் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் குவிந்துவிட்டன. எல்லார் கையிலும் போன். ஆள் சத்தம் கேட்கக் கேட்கப் புலி துள்ளும், துள்ளினால் கம்பி இறுகும், கம்பி அறுந்தால் அது முன்னால் நிற்கிறவன் மேல்தான் பாயும். உத்தியோகத்தர்கள் சொல்லிப் பார்த்தார்கள், பொலிஸ் சொல்லிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. தலைவி அக்கா கூடையை இறக்கிவைத்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து மலைக்கு ஏறும் பாதையின் குறுக்கே விரித்தார். அதில் உட்கார்ந்துகொண்டு, "வாங்கடி" என்றார். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். பொம்பளைகளைத் தாண்டிக் காலை வைக்க ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை. ஒரு பொடியன் மட்டும், "ஒரே ஒரு வீடியோ அக்கா" என்று கெஞ்சினான். "ஒங்க ஆத்தாவ எடுடா போய்" என்று ஒரு பாட்டி சொன்னதும் கூட்டமே சிரித்துவிட்டது. சிரிப்பு வந்த பிறகு தள்ளுமுள்ளு அடங்கிவிட்டது. வைத்தியர் வந்து சேரும்வரை அந்த வரிசை எழுந்திருக்கவில்லை. அட்டை கடித்து இரத்தம் வழிய அப்படியே இருந்தார்கள்.

புலி பிழைத்துக்கொண்டது. இடுப்பில் இறுகிய கம்பியை வெட்டி எடுத்து, கொண்டுபோய் வைத்தியம் பார்த்து, காட்டில் விட்டுவிட்டதாக உத்தியோகத்தர்கள் பிறகு சொன்னார்கள். எந்தக் காடு என்று எங்களுக்கும் சொல்லவில்லை. நல்லதுதான்.

அன்று எடை குறைந்தால் அரைப்பேர்தான் (பாதி நாள் சம்பளம்தான்) விழும் என்று தெரிந்தும் கூடையை இறக்கிவைத்தவர்கள் அவர்கள். முழுப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அதற்காக அவர் யாரிடம் எவ்வளவு பேச்சு வாங்கினார் என்பது எங்கள் காதுக்கும் வந்தது.

பக்கத்துக் கிராமத்து ஹாமதுருவுக்கு (பௌத்த பிக்குவுக்கு): பன்சலை (விகாரை) ஒலிபெருக்கியில் சிங்களத்தில் நீங்கள் சொன்னதோடு நிற்காமல், தமிழ் அறிவித்தலை வாசிக்க எங்கள் தங்கச்சி ஒருத்திக்கு மைக்கைக் கொடுத்தீர்கள். கம்பி வைப்பது தோட்டத்து ஆட்களின் வேலை என்று கிராமத்திலும், கிராமத்து ஆட்களின் வேலை என்று தோட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்த கதை அன்றோடு கொஞ்சம் ஓய்ந்தது. கம்பி தேடப் போன நாட்களில் பணிசும் தேத்தண்ணியும் அனுப்பிய முதலாளிக்கும் நன்றி. காசு வாங்கவே மாட்டேன் என்கிறீர்கள். கடைக்கு வருகிறபோது அந்தக் கணக்கை எப்படியாவது முடித்துக்கொள்வோம்.

பாடசாலைப் பிள்ளைகள் செய்த வேலை வேறு மாதிரி. லயத்துக்குப் பின்னால் கொட்டுகிற குப்பைக்கு நாய் வருகிறது, பன்றி வருகிறது, அவற்றைத் தேடிப் புலி வருகிறது. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று படமாக வரைந்து கொண்டுவந்தது. அதையே கொப்பி அடித்து லயம் லயமாக ஒட்டினோம். நான் எழுதிய நோட்டீசை விட அதைத்தான் ஆட்கள் நின்று பார்த்தார்கள். குப்பைக்குழி வெட்டிய இளைஞர்களுக்கும், இருட்டினால் நாயைக் கட்டிவைக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர்ப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும். அந்த மாதங்களில் பாதையோரம் சேருகிற பிளாஸ்டிக்கை என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் வழி இல்லை.

கொழும்புப் பிள்ளைகளே, கடைகளிலும் ஹோட்டல்களிலும் நின்று உழைத்த காசில் நீங்கள் அனுப்பியதுதான் குறடும் கையுறையும் ஆனது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தேங்குகிற மஸ்கெலி ஓயாத் தண்ணீர் களனி கங்கையாகி உங்கள் குழாய்க்கும் வருகிறது. ஆகவே உங்கள் காசுக்கு நாங்கள் ஏற்கெனவே தண்ணீர் அனுப்பிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு விபரம் வட்ஸ்அப் குழுவில் இருக்கிறது.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். உதவி செய்கிறோம் என்று ஒரு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். டீ-சேர்ட் கொடுத்தார்கள், பதாகை பிடித்துப் படம் எடுத்தார்கள். வேலியடைக்கக் கம்பிவலை தருவதாகச் சொன்னார்கள், இதுவரை வரவில்லை. டீ-சேர்ட் துணி நல்ல துணி, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இலங்கைச் சிறுத்தை இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத துணையினம். 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் (IUCN சிவப்புப் பட்டியல்) 2008இல் 'அருகிவரும்' இனமாக இருந்ததை 2020இல் ஒரு படி இறக்கி 'அழிவபாயத்துக்கு உள்ளாகக்கூடிய' இனம் என்று மாற்றினார்கள். பட்டியல் மாறியதால் எங்கள் மலையில் கம்பி குறைந்துவிடவில்லை. மேலே இருக்கிற சிவனொளிபாதக் காட்டை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையில் சேர்த்தது. அந்த மரபுரிமை முடிகிற இடத்தில் தொடங்குவது எங்கள் கிழங்குப் பாத்தி. அங்கே காவலுக்கு நிற்பது தகரம் சுமந்தவர்களும் படங்கு விரித்தவர்களும்தான்.

அடுத்த நடை வருகிற போயா நாளில். காலை ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்துக்கு வாருங்கள். இந்த முறை வாய்க்காலுக்கு மேலே உள்ள மலையும், அதை ஒட்டிய மானாப்புல் காடும். பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்து வாருங்கள். கம்பியைக் கண்டால் நீங்களாக இழுக்க வேண்டாம், குறடு வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டாம். தேத்தண்ணி உண்டு, கோப்பை மட்டும் கொண்டுவாருங்கள்.

அன்போடு,
கொமியூனிகேஷன் கடைத் தம்பியும், கம்பி கழற்றும் குழுவும்