இங்கிலாந்தின் ரெடிங் நகரிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். வேலை பழகிவிட்டது, குளிர்தான் இன்னும் பழகவில்லை.

பிராட்மூர் மனநல ஆஸ்பத்திரி பற்றிப் போனில் கேட்டீர்களே, விவரமாகவே எழுதுகிறேன். நம் பக்கம் கீழ்ப்பாக்கம் என்றால் போதும், அதுபோல இங்கே பிராட்மூர். ரெடிங்கை அடுத்த குரோதோர்னில், 1863-ல் திறந்தது. குற்றம் செய்தவர், ஆனால் சித்தம் சரியில்லாதவர் என்று கோர்ட் முடிவு செய்தவர்களுக்கான இடம். வரைபடம் போட்டவர் ஜோஷுவா ஜெப், சிறைகளைக் கட்டிய ராணுவப் பொறியாளர். இப்போது நோயாளிகள் பக்கத்திலேயே புதுக் கட்டடத்தில் இருக்கிறார்கள்.

அதன் பழைய பதிவேடுகளெல்லாம் ரெடிங் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. லீவு நாளில் போய் விசாரித்து, படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி மருந்து கிடையாது. நல்ல காற்று, வேளாவேளைக்குச் சாப்பாடு, வேலை, இவைதான் வைத்தியம். ஆண்களுக்குப் பண்ணை, தையல், செருப்புத் தைப்பது. பெண்களுக்குச் சலவையும் ஊசி வேலையும். அப்பாவைக் கொன்ற ரிச்சர்ட் டாட் என்ற ஓவியர் 1886-ல் சாகும்வரை அங்கேயே படம் வரைந்தார். வில்லியம் மைனர் என்ற அமெரிக்க ராணுவ டாக்டருக்கு இரண்டு அறை, சுவரெல்லாம் புத்தகம். ஆக்ஸ்போர்டு அகராதிக்கு அங்கிருந்தே மேற்கோள் எழுதி அனுப்பினார். அவர் சுட்டுக் கொன்றவரின் மனைவியே அவரைப் பார்க்க வந்து புத்தகம் கொடுத்துவிட்டுப் போனாராம். எப்படித்தான் மனசு வந்ததோ!

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது பெண்களை நினைத்துத்தான். 1863 மே மாதம் முதலில் உள்ளே வந்தவர்களே பெண்கள்; ஆண்கள் அடுத்த வருடம்தான். அப்புறம் வந்த பெண்களிலும் நிறையப் பேர் பெற்ற பிள்ளையைக் கொன்றவர்கள். பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போய், இல்லாததெல்லாம் காதில் விழுந்து, பயத்தில் செய்தது. நம் ஊரில் பிரசவ ஜன்னி என்பார்களே, அது மாதிரி. அவர்களைத் தூக்கில் போடாமல் நோயாளி என்று பார்த்தது பெரிய விஷயம். ஆனால் உள்ளே வைத்திருப்பதற்குக் கெடு இல்லை. மகாராணியின் விருப்பம் தெரியும்வரை என்றுதான் உத்தரவு. குணமானாலும் உள்துறை அமைச்சர் சம்மதிக்க வேண்டும், வீட்டார் பொறுப்பேற்க வேண்டும். வந்து கூட்டிப்போன கணவன்மாரும் உண்டு. கூப்பிட ஆளில்லாதவள் என்ன செய்வாள்? எனக்கு ஆறவே இல்லை அம்மா.

தங்கச்சிக்கு இது எட்டாம் மாதம். பிள்ளை பிறந்ததும் அவளை ஒரு மாதமாவது தனியாக விடாதீர்கள். இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்கவில்லை, பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றால் மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். இன்றைக்கு மருந்து இருக்கிறது, குணமாகும். அத்தை மறுத்தால் என்னிடம் போனைக் கொடுங்கள், எந்த நேரமானாலும் சரி.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்