வின்ஸ்லோ ரயிலடியிலிருந்து கல்மரக் காட்டுக்கு ஒரு வேன் விடுங்கள்

வடக்கு அரிசோனாவின் சுற்றுலாவையும் போக்குவரத்தையும் கவனிக்கும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

வின்ஸ்லோ ரயிலடியை ஒட்டியிருக்கும் லா போசாடா ஓட்டலின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் பார்த்துப் பார்த்துக் கட்டி 1930இல் திறந்தது, 1957இல் மூடிப்போனது, இடிபடாமல் தப்பி மறுபடி உயிர்பெற்றது எல்லாம் உங்கள் ஊர்க்கதை. என் அம்மாவை அழைத்துக்கொண்டு மே மாதம் அங்கே மூன்று இரவு தங்கினேன். ஓட்டலில் ஒரு குறையும் இல்லை. ரயிலை விட்டு இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு தோட்டம் வழியாக நடந்தால் வாசல் வந்துவிடுகிறது. என் வருத்தம் அந்த வாசலுக்கு வெளியேதான் தொடங்குகிறது.

பார்வைக் குறைவால் எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சின்ன வயதில் தமிழ்நாட்டுத் திருவக்கரையில் கல்மரங்களை, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரங்களை, பார்த்தவர் அவர். உங்கள் பக்கத்துக் கல்மரங்கள் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை என்று நான் சொன்ன நாளிலிருந்து, அவற்றை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் சிகாகோவிலிருந்து ஒரு நாளுக்கும் மேல் ரயிலில் வந்தோம். அவை இருக்கும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குப் பொதுப் போக்குவரத்து கிடையாது என்று தெரிந்ததால் முன்கூட்டியே ஒரு வாடகை வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே அம்மா குளித்து, புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். எட்டு மணிக்கு வரவேண்டிய வண்டி வரவில்லை. ஒன்பதரைக்கு போன் வந்தது. போக மட்டும் 90 கிலோமீட்டர், அங்கே நாள் முழுக்கக் காத்திருக்க முடியாது என்றார்கள். வேறு இரண்டு இடங்களில் கேட்டேன், ஆகவில்லை. ஓர் அலுவலகத்தில் போனை எடுத்தவர், "இங்கே எல்லாரும் காரில்தான் வருவார்கள்" என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அம்மா தொப்பியைக் கழற்றவே இல்லை. மதியம் வரை அதைப் போட்டுக்கொண்டே தண்டவாளத்தைப் பார்த்த தோட்டத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற சரக்கு ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம், "பரவாயில்லடி, வரும்போது ரயில்லேர்ந்து பார்த்தேனே, அது போதும்" என்றார். நாங்கள் வந்த தண்டவாளம் அந்தப் பூங்காவின் நடுவேதான் போகிறது. ரயில் அங்கே நிற்பதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வின்ஸ்லோ ரயிலடியிலிருந்து பூங்காவுக்குக் காலையில் ஒரு வேன், மாலையில் அதே வேன் திரும்பட்டும். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாளாவது விடுங்கள். மேற்கே 40 கிலோமீட்டர் அளவில் இருக்கும் விண்கல் பள்ளத்துக்கும் அதையே ஒரு நாள் அனுப்பலாம்.

இது புதிதாக யோசிக்க வேண்டிய காரியம் இல்லை. ரயில் பாதையோரம் ஓட்டல்கள் நடத்திய ஹார்வி கம்பெனி 1926லேயே ரயில் பயணிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலைவனத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. லா போசாடாவைக் கட்டியதே அப்படி வந்து இறங்குகிறவர்களை மனதில் வைத்துத்தான். நூறு வருஷம் கழித்து அதே பிளாட்பாரத்தில் இறங்குகிற ஒரு வயதான பெண்ணுக்கு அந்த வழி இல்லை. கட்டடத்தைக் காப்பாற்றினார்கள், ரயிலும் இன்னும் நிற்கிறது. நடுவில் இருந்த வண்டியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? தேசியப் பூங்கா எல்லாருக்கும் சொந்தம் என்கிறீர்கள். கண் தெரியாதவர்கள், வயதானவர்கள், கார் வாங்க வசதியில்லாதவர்கள் அந்த 'எல்லாரில்' சேர்த்தி இல்லையா? இந்த நாட்டில் கார் இல்லாதவருக்கு மருத்துவமனையே எட்டாத தூரம், பூங்கா எந்த மூலைக்கு என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். வேன் ஒன்றுதான் கேட்கிறேன். இலவசமாகக் கேட்கவில்லை. நியாயமான கட்டணம் வையுங்கள், முன்பதிவு வேண்டுமென்றால் வையுங்கள், ஆள் சேர்ந்தால்தான் போகும் என்றாலும் சரி, காத்திருக்கிறோம்.

திரும்பும் ரயில் விடியற்காலையில் வந்தது. பூங்காவைக் கடக்கும்போது அம்மா ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்த மேடுகள் தெரிந்தன, கல்மரம் ஒன்றும் கண்ணில் படவில்லை. அடுத்த வருஷமும் அவரைக் கூட்டி வர நினைத்திருக்கிறேன். அதற்குள் வேன் வருமா என்று ஒரு வரி எழுதிச் சொன்னால், டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வேன்.

மரியாதையுடன்,
ஒரு ரயில் பயணி