ரெண்டு வாய்ப் போத்தலை 1782க்கு அனுப்பாதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு பேப்பரில எங்கட திருகோணமலைப் பழைய சாமான்களைப் பற்றி எழுதினதை ஆர்வமா வாசிச்சன், படங்களும் நல்லாத்தான் விழுந்திருந்தது. ஆனா அந்தத் தண்ணிப் போத்தல் படத்துக்குக் கீழ "1782ல அட்மிரல் சஃப்ரனின் படையோடு வந்தது" எண்டு போட்டிருந்தீங்கள் பாருங்கோ, அதைப் பார்த்திட்டுச் சும்மா இருக்க ஏலாமல்தான் எழுதுறன். சஃப்ரன் எண்டவர் அந்த வருசம் இங்க வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. போத்தல் பிரெஞ்சு ஆமியின்ட சாமான்தான், அதில பிழை இல்லை. வருசம்தான் குறைஞ்சது கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு முன்னால போயிட்டுது.

படத்திலயே விசயம் கிடக்கு. மேல ரெண்டு வாய் தெரியுதுதானே, ஒண்டு அகலம், மற்றது விரலளவு குழாய் மாதிரி ஒடுக்கம். அகல வாயால தண்ணி நிரப்பிறது, ஒடுக்க வாயால நடந்துகொண்டே குடிக்கிறது, ஒண்டால தண்ணி வரேக்க மற்றதால காத்து உள்ள போகும், அதால தண்ணி முட்டாமல் சீரா வரும். ரெண்டுக்கும் தக்கை போட்டு, தக்கை துலையாமல் நூலால கட்டி விட்டிருப்பாங்கள். வெள்ளீயம் பூசின இரும்புத் தகடு, வெளியில கம்பளித்துணி உறை, சுத்திவர வார் ஓடுறதுக்கு வளையங்கள். இது பிரெஞ்சு ஆமியின்ட 1877 மாடல். சஃப்ரன் காலத்தில இந்த மாடலே இல்லை. அதோட எங்கட கடல் உப்புக் காத்தில மெல்லிய தகரம் ரெண்டு நூற்றாண்டு தாண்டி இவ்வளவு வடிவா நிண்டிருக்குமா எண்டும் யோசிச்சுப் பார்க்கலாம், கடற்கரைப்பக்கம் தகரக்கூரை போட்டவையளைக் கேட்டாலே சொல்லுவினம்.

சரி, 1877 எண்டு போட்டா முடிஞ்சுதோ? இல்லை, கனபேர் சறுக்கிற இடமே இதுதான். 1877 எண்டது அந்த மாதிரியை ஆமி ஏற்றுக்கொண்ட வருசம், உங்கட கையில இருக்கிற போத்தல் செய்த வருசமில்லை. அதே வடிவம் முதலாம் உலக யுத்தம் முழுக்க ஓடி, 1940ல பிரான்ஸ் விழேக்கையும் சிப்பாய்மாரின்ட இடுப்பில தொங்கினது. அப்ப எந்தக் காலம் எண்டு பிடிக்க வேற அடையாளம் வேணும்.

முதல் அடையாளம் எவ்வளவு கொள்ளும் எண்டது. தொடக்கத்தில சாதாரண சிப்பாய்க்கு 1 லீற்றர்தான். 2 லீற்றர்ப் போத்தல் வட ஆபிரிக்கப் படைகளுக்கு எண்டு இருந்தது, வெக்கை நாடுதானே. பிறகு முதலாம் யுத்தத்தில அகழிக்குள்ள கிடந்தவங்களுக்கு 1 லீற்றர் எங்க காணும், அதால யுத்தத்துக்கு நடுவில 2 லீற்றர் எல்லாருக்கும் பரவிட்டுது. படத்தில இருக்கிறதுக்குப் பக்கத்தில தொங்கிற சின்னக் கோப்பை கால் லீற்றர்க் கோப்பை, அதோட ஒப்பிட்டுப் பார்த்தா இது 2 லீற்றர் எண்டுதான் எனக்குப் படுது. வச்சிருக்கிறவர் தண்ணி ஊத்தி அளந்து பார்க்கட்டும், அடி ஓட்டையெண்டா அரிசி போட்டு அளக்கலாம்.

அடுத்தது துணி. யுத்தத்துக்கு முந்தி கடும் நீலச் சாம்பல் நிறம், 1915க்குப் பிறகு யூனிபோமோட சேர்ந்து வெளிர் நீலம், அதாவது தூரத்தில வானமும் கடலும் முட்டிற இடத்து நீலம், பிறகு போகப் போகக் காக்கி. படத்தில மடிப்புக்குள்ள கொஞ்சம் நீலம் மிஞ்சிக் கிடக்கிற மாதிரித் தெரியுது. ஆனா துணியை மட்டும் நம்பிச் சத்தியம் பண்ண ஏலாது, யுத்த நேரம் கையில அம்பிட்ட துணியிலெல்லாம் உறை தைச்சவங்கள், பழசைக் கழட்டிப் புதுசு போட்டதும் உண்டு, இந்தக் காலத்து யாவாரியள் விலைக்காகப் போடுற புது உறையும் இருக்கு. வாரும் அப்பிடித்தான், முதல்ல தோல், தோல் தட்டுப்பாடு வர கன்வஸ். துணி, வார், தகரத்தில அடிச்ச முத்திரை மூண்டும் ஒரே கதையைச் சொன்னா நம்பலாம். என்னைக் கேட்டா 2 லீற்றரும் நீலமும் எண்டா முதலாம் யுத்தக் காலம், 1915 - 1918 பக்கம்.

இங்க வந்தது எப்பிடி எண்டு கேப்பீங்கள். எங்கட ஊரில பிரெஞ்சுச் சாமான் எதைக் கண்டாலும் உடன சஃப்ரனின்ட தலையில கட்டிறது ஒரு வழக்கமாப் போச்சு. அவர் 1782 ஓகஸ்ட் கடைசியில இங்கிலீசுக்காரனிட்ட இருந்து கோட்டையளைப் பிடிச்சவர், செப்டெம்பர் 3ல வெளிக்கடலில சண்டையும் நடந்தது, பிறகு ஊர் திரும்பவும் ஒல்லாந்தர் கையுக்குப் போட்டுது. அதை எல்லாரும் சொல்லுவினம். 1944ல ரிஷெலியூ எண்ட பிரெஞ்சுப் போர்க்கப்பல் எங்கட துறைமுகத்துக்கு வந்து, பிரிட்டிஷ் கிழக்குக் கப்பற்படையோட சேர்ந்து ஏப்ரலில சுமாத்திராப் பக்கம் யப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போனதை ஒருத்தரும் சொல்லுறதில்லை. அந்தக் கப்பலில ஆயிரத்துக்கு மேல பிரெஞ்சு நேவிக்காரர் இருந்தவை. போத்தல் அதில வந்தது எண்டு நான் சொல்ல வரேல்லை, பாண்டிச்சேரிப் பக்கம் இருந்தும் வந்திருக்கலாம், நேற்று ஒரு யாவாரி வெளிநாட்டில இருந்து இறக்கியும் இருக்கலாம். 1944ஐ மறந்திட்டு 1782க்கு ஓடாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.

இன்னொண்டு, ஊரில வீடுகளில கிடக்கிறதில கனக்க பிரெஞ்சே இல்லை. ஒரே வாய், ஒரு தக்கை, மேல காக்கிக் கம்பளி, அதுக்குக் கீழ நீல எனாமல் எண்டா அது பிரிட்டிஷ் ஆமிப் போத்தல், டொக்யார்ட் ஊரில அதுக்கா பஞ்சம். திருகுமூடியைச் சங்கிலியால கட்டி, அலுமினியத்தில 'யூ.எஸ்.' எண்டு அடிச்சிருந்தா அமெரிக்கன், ஆனா 1943க்குப் பிறகு பிரெஞ்சுப் படைகளுக்கும் அமெரிக்கச் சாமான்தான் கனக்கக் குடுத்தவங்கள், அதால முத்திரையைப் பார்த்து எவன் பாவிச்சது எண்டு சொல்ல ஏலாது.

வச்சிருக்கிறவையளுக்கு ஒரு சொல். புளி போட்டுத் தேய்க்காதேங்கோ. இருக்கிற கொஞ்ச ஈயப்பூச்சும் போய், துணியின்ட நிறமும் போய், பிறகு காலம் பிடிக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. தகரத்தை ஒட்டின பழைய பத்துவேலையில காரீயம் கலந்திருக்கும், அதால அதில தண்ணி குடிச்சு விளையாடுறதும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு படக்குறிப்பைத் திருத்திப் போட்டா நல்லம். புதுப்படம் எடுக்கிறதெண்டா நேரா முன்னுக்கு நிண்டு எடுக்காமல் மேல இருந்து ரெண்டு வாயும் தெரிய ஒண்டு, முத்திரை இருக்கிற இடம் கிட்டவா ஒண்டு, உறையின்ட தையல் ஒண்டு எடுக்கச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர் ஒருவர்,
திருகோணமலை.