கலர் சார்ட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம், கருங்கல், புதுக்கடை பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், வேலை செய்யும் பெண்களைப் பற்றிக் கூலி உயர்வு, போனஸ் பேச்சுவார்த்தை என்று பத்திரிகைகளில் செய்தி வருவதுண்டு. அதே பெண்கள் இப்போது கேமரா வைத்த மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்று என்ன பாடு படுகிறார்கள் என்பதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது முந்திரி ஆலைகளில் கம்ப்ரசர், மோட்டார், பேனல் போர்டு என்று ஏதாவது கோளாறு வந்தால் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். மெஷினே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மா அண்டி உடைத்தவர். ஓட்டு எண்ணெய் பட்டு வெந்த விரல்களில் சாம்பலைத் தடவிக்கொண்டு கொட்டாப்புளி பிடித்தவர். சோறு பிசையும்போது விரல் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். அந்த வேலையை ஒரு கட்டிங் மெஷின் எடுத்துக்கொண்டால் அதை நான் கும்பிடத்தான் செய்வேன்.

என் கவலை கிரேடிங் பிரிவைப் பற்றியது. முன்பு நீள மேசையின் இரு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து பருப்பைத் தரம் பிரிப்பார்கள். வெள்ளை முழுப்பருப்பு, கருகல், பிளவு, துண்டு என்று கை தானாகப் பிரித்துக்கொண்டே போகும். ஒரு பவுண்டு எடைக்கு 320 பருப்புக்குள் நிற்கிறதா, 240க்குள் நிற்கிறதா என்று தராசு இல்லாமலே சொல்லும் கண்கள் அங்கே இருந்தன. இப்போது அந்த வேலையைக் கலர் சார்ட்டர் என்ற மெஷின் செய்கிறது. பருப்பு ஒரு சரிவில் வழிந்து இறங்குகிறது. கேமரா பார்க்கிறது. நிறம் மாறிய பருப்பைக் காற்று ஊதித் தள்ளுகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் நிற்கிறார். மெஷின் தள்ளிய பருப்பில் நல்லது ஏதும் போய்விட்டதா, நல்ல பருப்பில் ஓட்டுத் துண்டு ஏதும் தங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை.

ஏர் லைன் கசிவு பார்க்கப் போன ஒரு ஆலையில் அப்படி நின்ற ஒரு தங்கச்சியிடம், "இப்பம் வேலை லேசாப் போச்சு இல்லியா?" என்று கேட்டேன். "அண்ணே, முன்ன கையும் ஓடும், வாயும் ஓடும். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிச் சொல்லியே மூணு தட்டு முடிச்சிருவோம். இப்பம் கண்ணு மட்டும் ஓடுது. சாயங்காலம் வீட்டுக்குப் போனா பிள்ளைகிட்டப் பேசக்கூடத் தோணல" என்றார். உடம்பு உழைப்பு குறைந்திருக்கிறது, களைப்பு கூடியிருக்கிறது. முதலாளி இதைக் கேட்டால் சோம்பேறித்தனம் என்று நினைப்பார். ஆனால் மனுஷக் கண் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எப்போதோ அளந்து பார்க்கப்பட்ட விஷயம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் முக்கியமான புள்ளிகளைத் தவறவிட்டார்கள். ஏன் என்று நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் சோதித்தார். கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் ஒவ்வொரு நொடியும் ஒரு கட்டம் நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு கட்டம் தாவும். அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரச் சோதனையில், முதல் அரை மணி நேரம் முடிந்ததுமே தவறவிடுவது கூடிவிட்டது. அந்த ஆய்வு 1948இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற படைவீரர்களுக்கே அதுதான் நிலை என்றால், காலை எட்டு மணியிலிருந்து அதே சரிவைப் பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் கண் நிற்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

தவறினால் பழி யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆலையில் அனுப்பிய டின்னில் ஓட்டுத் துண்டு இருந்ததாக வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது. அன்றைய சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அந்த மெஷின் எந்த நிறத்தை நல்லது என்று எடுக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்ற செட்டிங்கில் அந்தப் பெண் கை வைக்க முடியாது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஈரப்பதம் கூடிய நாளில் பருப்பின் நிறம் மங்குகிறது, மெஷின் நல்லதையும் தள்ளுகிறது என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். கேட்க ஆள் இல்லை. மாற்றும் அதிகாரம் இல்லாதவர் தலையில் பொறுப்பை மட்டும் ஏற்றி வைப்பது அநியாயம். மெஷின் வந்த பிறகு நான் கண்ட மனக் கஷ்டங்களில் இதுதான் பெரிது.

எங்கள் மில்லிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நூலைத் தானே சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் வருவதற்கு முன் இழை அறுந்தால் முடிச்சுப் போடும் பெண்களுக்கு ஒரு நடை இருந்தது. எந்தப் பக்கம் முதலில், எப்போது தண்ணீர் குடிப்பது என்பதை அவர்களே வைத்துக்கொண்டார்கள். பிறகு மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக் கூப்பிட ஆரம்பித்தது. ஒரே நேரத்தில் நாலு விளக்கு எரியும். எந்த டிரம் எவ்வளவு நேரம் நின்றது என்று திரையில் வரும். ஷிப்ட் முடிவில் அதை வைத்துக் கேள்வி வரும். வேலையின் வேகம் கையைவிட்டுப் போனதுதான் அவர்களை உடைத்தது. சம்பளம் அப்போது குறையவில்லை, கூடத்தான் செய்தது.

என் மகள் எம்.பி.ஏ. படித்தபோது அவளுடைய பாடப் புத்தகத்தில் அகமதாபாத் காலிகோ மில் கதையைப் படித்தேன். எங்கள் தொழில் என்பதால் மனதில் நின்றுவிட்டது. அங்கே தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்தார்கள். உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, துணிச் சேதமும் குறையவில்லை. 1953இல் வேலையிடத்தில் மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். 224 தறிகளில் 29 பேர் வேலை செய்தார்கள். அவர்களுக்குள் பன்னிரண்டு விதமான வேலைப் பிரிவு. ஒருவர் நூல் முடிச்சுக்கு, ஒருவர் எண்ணெய் போட, ஒருவர் துணி எடுக்க. தறி வேலை ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்தது. ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். எந்தத் தறிக்கு யார் பொறுப்பு என்றே தெரியாது. ஒரு கூட்டம் சேர்ந்து ஒரு தறிக் கூட்டத்துக்குப் பொறுப்பேற்கட்டும் என்று ரைஸ் யோசனை சொன்னதும், தொழிலாளர்களும் சூப்பர்வைசர்களும் சேர்ந்து திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். 64 தறிக்கு ஏழு பேர் கொண்ட குழு. உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது. இதற்காகப் புதுத் தறி எதுவும் வாங்கவில்லை. இது நம் நாட்டில், நம் தொழிலாளர்களை வைத்து, எழுபது ஆண்டுகளுக்கு முன் நிரூபித்துக் காட்டிய விஷயம். இன்றைக்கு லட்சக்கணக்கில் கொடுத்து மெஷின் இறக்குகிறவர்கள் இதை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும்.

பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் ஹரியானாவின் மானேசரில் ஒரு உலோகத் தொழிற்சாலையில் ரோபோ தாக்கி ஓர் இளம் தொழிலாளி இறந்தார். நழுவிய ஒரு தகட்டைச் சரி செய்யப் போனார் என்று செய்திகளில் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டுத்தானே போக வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். எடைக்குக் கூலி, எண்ணிக்கைக்குக் கூலி என்று இருக்கும் இடத்தில் மெஷின் நின்றால் கூலி நிற்கும். சூப்பர்வைசர் முகம் மாறும். கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்சில் அட்டையை மடித்துச் செருகி ஏமாற்றி வைத்திருப்பதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்துக் கழற்றியிருக்கிறேன். அதைச் செருகியவருக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. நிறுத்தினால் யார் கோபிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

கைப்பழக்கம் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எளிதானதை மெஷின் எடுத்துக்கொண்டு கஷ்டமானதை மனிதரிடம் விட்டுவிடும். அந்த நேரத்தில் அவர் கை அந்த வேலையையே மறந்திருக்கும் என்று லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1983லேயே எழுதினார். நம் ஆலைகளில் அது நடக்கத் தொடங்கிவிட்டது. சார்ட்டர் பழுதாகும் நாளில் பழைய அக்காமாரைத்தான் மேசைக்குக் கூப்பிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு லேசான கருகலையும் நல்ல வெள்ளையையும் பிரிக்கத் தெரியவில்லை. யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆலை உரிமையாளர்களிடம் கேட்கிறேன். சார்ட்டர் முன்னால் அரை மணிக்கு மேல் ஒருவரையே நிறுத்தாதீர்கள். பேக்கிங், தோல் உரித்தல், மேசை என்று மாற்றி விடுங்கள். தனியாக ஒருவரைப் போடாமல் இரண்டு பேரை, பேச்சு கேட்கும் தூரத்தில் உட்கார வையுங்கள். செட்டிங்கில் என்ன மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, மெஷின் கம்பெனி ஆள் வரும்போது அதை அவர் கையில் கொடுங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தும் பட்டனை அமுக்கலாம், அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்க மாட்டோம் என்று எழுதி ஒட்டுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. கடைகளில் நாள் முழுக்க நின்ற ஊழியர்களின் கால் வலியைப் பார்த்து, 2021இல் அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. கால் வலியைக் கண்ட அரசால் கண்ணின் களைப்பையும் காண முடியும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகள் ஆலைக்கு வரும்போது வேலி இருக்கிறதா, பூமித் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இந்த மெஷின் முன் ஒருவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்கிறார், நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா என்றும் கேட்டுக் குறிக்க வேண்டும். அதையும் முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தரம் உயர்த்தி, ரோபோட்டிக்ஸ் வரை சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். நம் மாவட்டத்தில் ஐ.டி.ஐ. படிக்கும் பையன்களும் பெண் பிள்ளைகளும் நாளைக்கு இந்த மெஷின்களை நிறுவப் போகிறவர்கள், செட்டிங் பாஸ்வேர்டைக் கையில் வைத்திருக்கப் போகிறவர்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு வாரமாவது அவர்களை ஏதாவது ஒரு அண்டி ஆபீஸுக்கு அனுப்பி, சார்ட்டர் முன்னால் முழு ஷிப்டும் நிற்க வையுங்கள். அந்த ஆலையில் மூத்த அக்கா ஒருவரிடம் கிரேடிங் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு அக்காவுக்கும் பயிற்றுநர் என்ற முறையில் தனிச் சம்பளம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலை எலெக்ட்ரீஷியன்,
ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம்.