போலியோ ஒழிப்பு நிதிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரசால் நேர்ந்த கடைசிப் பாதிப்பு, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டறியப்பட்டது. அப்படியிருக்க இன்னும் எதற்கு நிதி என்று போகுமிடமெல்லாம் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான்.

1988இல் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேரை முடக்கிய இவ்வைரஸ், பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் வேரறுக்கப்படவில்லை. பாகிஸ்தானில் 2023இல் ஆறாகக் குறைந்திருந்த பாதிப்பு, மறு ஆண்டே எழுபதைத் தாண்டியது. தொற்றுக்குள்ளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் செயலிழப்பதால், ஒரு குழந்தை முடங்கியது தெரிய வருவதற்குள் வைரஸ் பல ஊர்களைக் கடந்துவிடுகிறது. கழிவுநீரை எடுத்துச் சோதிப்பது இதனால்தான்.

பின்லேடனைத் தேடுவதற்காகப் பாகிஸ்தானின் அபோதாபாத் நகரில் அமெரிக்க உளவுத்துறை போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது 2011இல் அம்பலமானபின், சொட்டு மருந்துடன் வாசலுக்கு வந்தவர்கள் மீதிருந்த சந்தேகம் மேலும் வலுத்தது. அது மன்னிக்க முடியாத செயல் என்பதே எங்கள் கருத்து. 2012 முதல் மருந்து கொடுக்கச் செல்லும் பெண்களும் உடன் செல்லும் காவலர்களும் சுட்டுக் கொல்லப்படுவது இன்னும் நின்றபாடில்லை. ஆப்கானிஸ்தானிலோ, வீடு வீடாகச் செல்ல 2018 முதல் பல பகுதிகளில் தடை விதிக்கப்பட்டதால், மருந்து கொடுக்கப்படும் பள்ளிவாசலுக்குத் தூக்கி வரப்படாத கைக்குழந்தைகள் விடுபட்டுப் போகின்றனர்.

பலருக்கு மருந்து கிடைக்காத இடங்களில், சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த வைரசே நாளடைவில் உருமாறி நோயுண்டாக்குவதும் உண்டு. 2024இல் காசாவில் ஒரு குழந்தை அவ்வாறுதான் முடங்கியது. இதை மறைத்து நிதி கேட்க எங்களுக்கு விருப்பமில்லை. விடுபட்ட குழந்தைகளைத் தேடிச் சென்று மருந்து கொடுப்பதே இதற்கும் வழி.

பணியாளர் படி, குளிர்பெட்டி, ஐஸ் பொதி, சுண்டுவிரல் மை என்று ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு இருக்கிறது. மருந்துக் குப்பியின் மீதுள்ள வட்டத்துக்குள் இருக்கும் வெளிர்ச் சதுரம் வெப்பத்தால் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால், அம்மருந்தைக் கொடுக்கக் கூடாது. மலைப்பாதையில் ஐஸ் உருகினால் அந்தப் பயணமே வீண்.

திரளும் தொகை முழுவதும் ரோட்டரியின் போலியோபிளஸ் நிதியில் செலுத்தப்படும். அந்நிதியில் சேரும் தொகைக்கு, ஓர் உச்சவரம்புக்குட்பட்டு, அதைப்போல் இரு மடங்கைக் கேட்ஸ் அறக்கட்டளை பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. அச்சுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் குழு உறுப்பினர்களே ஏற்கின்றனர்.

தங்களால் இயன்ற தொகையைக் காசோலையாகவோ ரொக்கமாகவோ பொருளாளரிடம் அளித்து, ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ரசீதுப் புத்தகமின்றி எங்கள் பெயரில் யார் வந்து கேட்டாலும் தர வேண்டாம்.

இப்படிக்கு,
போலியோ ஒழிப்பு நிதி திரட்டும் குழுவினர்