கண்ணாடியில் கொதிநீர் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடைக் கண்ணாடியில் ஒட்டிய பழைய வினைல் (பிளாஸ்டிக் ஸ்டிக்கர்) எழுத்தைக் குளிர்காலத்தில் எடுக்கக் கொதிநீரை ஊற்றி பிளேடால் சுரண்டினால் போதும் என்று பலரும் யோசனை சொல்கிறார்கள். செலவில்லாத வழிதான், கண்ணாடி உடையாமல் இருந்தால். சாதாரணக் கண்ணாடியில் சூடான நடுப்பகுதிக்கும், சட்டத்துக்குள் புதைந்து குளிர்ந்திருக்கும் ஓரத்துக்கும் 40 டிகிரி செல்சியஸ் அளவு வித்தியாசம் வந்தாலே விரிசல் விழலாம். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் அதைவிடக் குறைவே போதும்.

குளிரில் இந்த வேலை ஏன் கடினம்? வினைலை வளைய வைப்பது அதில் கலந்துள்ள பிளாஸ்டிசைசர். பல வருட வெயிலில் அதில் ஒரு பகுதி வெளியேறிவிடும். மிச்சமுள்ள இளக்கத்தையும் குளிர் எடுத்துவிடுகிறது. பசையும் இறுகிவிடுவதால் நகத்தால் நெம்பினால் எழுத்து உரியாமல் பொறுக்குப் பொறுக்காகப் பெயரும்.

முதலில் எழுத்து எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. வெளிப்பக்கம் என்றால் கடைக்குள் ஹீட்டரைச் சில மணி நேரம் ஓடவிட்டு, வெயில் படும் நேரமாகப் பார்த்து, காற்றில்லாதபோது தொடங்குங்கள்.

சூடு ஏற்ற ஹேர் டிரையரே நல்லது. கடும் சூட்டுக் காற்றை வீசும் ஹீட் கன்தான் இருக்கிறது என்றால் குறைந்த சூட்டில் வைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புறங்கையை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சூடு குறைந்தால் வினைல் முறியும். அதிகமானால் அது ரப்பராக இழுபட்டு, பசை முழுவதும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பதம் வந்ததும் நுனியைத் தூக்கி, வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுக்காமல், கண்ணாடியை ஒட்டி மடக்கி மெதுவாக உரியுங்கள். பெரிய எழுத்தைக் கையகலப் பகுதிகளாகச் சூடாக்கி எடுக்கலாம்.

மீதிக்கு முதலில் பிளாஸ்டிக் பிளேடு. இரும்பு பிளேடு கடைசி வழி: புதியதாக, சோப்புத் தண்ணீரால் நனைத்த கண்ணாடியில், தாழ்வான சாய்வில், முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். பின்னால் இழுத்தால் அடியில் சிக்கிய துகள் கீறும். மூலையில் டஃபன்டு (சூளையில் சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கண்ணாடி சூட்டைத் தாங்கும், பிளேடைத் தாங்காது. சூளையில் ஒட்டிய நுண்துகள்கள் அதன் ஒரு முகத்தில் இருக்கக்கூடும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்தால் நீளக் கீறல் விழும். சன் ஃபிலிம் ஒட்டிய முகத்தில் எந்த பிளேடும் வேண்டாம்.

பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த ரிமூவரோ போதும். குளிரில் இவை மெதுவாக வேலை செய்யும். துணியை நனைத்து ஒட்டி, மேலே பாலித்தீன் தாளை மூடி ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். அந்நேரம் ஹீட் கன் பக்கத்தில் வரக் கூடாது. ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றும். திரவம் கீழே வழிந்து சட்டத்தின் ஓரத்தில் அடைத்திருக்கும் சிலிகானையும் ரப்பர் பீடிங்கையும் கெடுக்காமல் துணியைத் தடுப்பாக வையுங்கள். பிளேடு வேலைக்கான சோப்புத் தண்ணீர் உறையும் குளிரில் அதோடு மூன்றில் ஒரு பங்கு ஆல்கஹால் கலந்துகொள்ளலாம்.

எல்லாம் போன பிறகும் பழைய எழுத்தின் நிழல் தெரிந்தால் அது பசை அல்ல. எழுத்து மூடியிருந்த இடம் அப்படியே இருக்க, சுற்றியுள்ள கண்ணாடி வெயில் மழையில் மாறியிருக்கும். சீரியம் ஆக்சைடு என்ற கண்ணாடி மெருகுத் தூளால் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் மங்கும்.

அதே இடத்தில் புதிய எழுத்து ஒட்டுவதானால் எண்ணெய்ப் பிசுக்கு போக ஆல்கஹாலால் கடைசியாக ஒருமுறை துடையுங்கள். கண்ணாடி 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வினைல்களின் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் வேலையைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடி, ஸ்டிக்கர் வேலை செய்யும் வாசகர்